தடை என்று நீங்கள் எழுதிய பிள்ளை: எங்களை அனுப்பிய மிஷனெரிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான குழு ஐயாமாருக்கும், குழுவில் இருக்கிற இரண்டு அம்மாமாருக்கும், பிடி அரிசியும் காணிக்கையும் எடுத்து வைத்து எங்களைத் தாங்குகிற சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

மலாவியின் தெற்கே, முலாஞ்சே மலையடிவாரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜூலை என்றால் குளிர்காலம். மொசாம்பிக் பக்கமிருந்து வருகிற சிப்பெரோனி என்ற சாரல் நாலு நாளாக விடவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. சின்னவன் அவன் அக்காவின் பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கை தொங்கத் தொங்க, அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான்.

இங்கிருந்து உங்களுக்கு வருகிற கடிதமெல்லாம் என் வீட்டுக்காரர் எழுதுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் படிவத்தில். எத்தனை கிராமம், எத்தனை கூட்டம், எத்தனை ஞானஸ்நானம், ஜெபக் குறிப்புகள். நான் எழுதியது இரண்டே முறை. இரண்டும் இதே விஷயமாகத்தான், குழுவுக்குத் தனியாக. இரண்டு முறையும் "ஜெபிக்கிறோம் அம்மா" என்று பதில் வந்தது. ஜெபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்டது பள்ளிக்கூடம் பற்றி. சரி, சபையார் எல்லோரும் படிக்கட்டும் என்று இந்த முறை திறந்தே எழுதுகிறேன்.

உங்கள் போன கடிதத்தில் ஒரு வரி இருந்தது. மூத்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டபடியால் குழுவின் விதிப்படி அவளை ஊரில் விடுதியில் சேர்த்துவிடலாம், ஊழியத்துக்குத் தடை இராது என்று. அந்தத் தடை என்கிற சொல்லை என் வீட்டுக்காரர் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார். அவருக்கு வருத்தம் வந்தால் அப்படித்தான், எதையாவது மடித்து வைப்பார். எனக்கு மடித்து வைக்கத் தெரியாது.

அந்தத் தடைக்குப் பதினொரு வயது. அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எங்கள் வீடு நடக்கிற விதத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். முற்றத்தில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே வரலாமா என்று அர்த்தம். வீட்டுக்காரர் "ஓடினி!" என்று சொன்னால் வரலாம். 2017-ல் வந்த புதிதில், விடியற்காலை ஐந்தரைக்கு முதல் "ஓடி" கேட்டபோது என் மகளுக்கு மூன்று வயது. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா ஓடுனது?" என்று கேட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பகடி ஓயவில்லை.

ஒரு நாளைக்குப் பத்து ஓடியாவது வரும். உப்பு கேட்டு வருகிறவர், செல்போனுக்குச் சார்ஜ் போட வருகிறவர் (எங்களிடம் ஒரு சோலார் தகடு இருக்கிறது, மின்சாரம் அது நினைத்தால்தான் வரும்), வீட்டில் சாவு என்று சொல்ல வருகிறவர், சும்மா வந்து உட்கார்ந்து ஒன்றுமே சொல்லாமல் போகிறவர். அந்தக் கடைசி ரகத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. என்ன வேண்டும் என்று கேட்டுக்கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்திக்கொண்டிருந்தேன். பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடை எங்கே?" இந்தியரை இங்கே அம்வேன்யே என்பார்கள். அம்வேன்யே என்றாலே கடைக்காரர் என்றுதான் நினைப்பு. லிம்பேயிலும் பிளாண்டயரிலும் மூன்று நாலு தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குஜராத்திக் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். வெள்ளைக்காரர் வந்தால் மிஷனெரி என்று நம்புவார்கள், நூற்றைம்பது வருஷப் பழக்கம். இந்தியர் வந்து வேதபாடம் எடுக்கிறேன் என்றால் எங்கோ மளிகைக் கடை திறக்கப் போகிறார், அதற்கு முன்னால் ஆள் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் எத்தனையோ பிரசங்கம் செய்தும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

நின்றது எப்படி என்று உங்கள் படிவத்தில் எழுத இடம் இல்லை, இங்கே எழுதுகிறேன். சின்னவன் வயிற்றில் இருந்தபோது அடிபம்பில் என்னைக் குடம் தூக்க விடமாட்டார்கள். அவன் பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அகோகோ (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவது) ஒரு சிதென்ஜேத் துணியோடு வந்தார். என்னைக் குனியச் சொல்லி, பிள்ளையை என் முதுகில் கவிழ்த்துப் படுக்க வைத்து, துணியைச் சுற்றி இழுத்து மார்புக்கு மேலே ஒரு முறுக்கு முறுக்கிச் செருகினார். முடிச்சு இல்லை. விழுந்துவிடுவானே என்று நான் பயந்து நிற்க, என்னை அப்படியே நடக்கவிட்டு ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். என் மகள் முன்னால் ஓடி வீடு வீடாக "ஓடி!" போட்டாள். அதற்குப் பிறகு யாரும் கடை எங்கே என்று கேட்கவில்லை. என்னை மாயி பூசா, அதாவது போதகர் அம்மா, என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு ஊழியம் செய்தது யார்?

மொழி விஷயமும் அப்படித்தான். சிசேவா மொழியில் ஜெபிப்பது குபெம்பேரா, பிச்சை கேட்பது, யாசிப்பது குபெம்பா. கடைசி அசை ஒன்றுதான் வித்தியாசம். முதல் வருஷத்தில் என் வீட்டுக்காரர் மேடையில் ஏறி, கண்ணை மூடி, உருக்கமாக "வாருங்கள், பிச்சை எடுப்போம்" என்று சபையை அழைத்தார். நம் ஊரில் என்றால் சிரிப்பை அடக்கியிருக்க மாட்டார்கள். இங்கே பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் நாலு வயது மகள்தான் திருத்தினாள்: "அப்பா, நீங்க காசு கேட்டீங்க." அவள் தெருவில் கற்றதைத்தான் நாங்கள் புத்தகத்தில் கற்றோம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை சனிக்கிழமை ராத்திரி அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தூங்குவார். அவள் சப்பாணி போட்டு உட்கார்ந்து, ஆசிரியை மாதிரி, "எயா, எயா" என்று தலையாட்டுவாள். சில நேரம் "இது யாருக்கும் புரியாதுப்பா" என்பாள். எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை, பொருளைச் சொல்லுகிறாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே அன்றாடச் சாப்பாடு ந்சிமா. வெள்ளைச் சோள மாவை முதலில் கஞ்சியாகக் காய்ச்சி, கொதி வந்ததும் மேலும் மேலும் மாவைப் போட்டு, ம்திக்கோ என்ற தட்டையான மரத் துடுப்பால் அடி பிடிக்காமல் கிண்டி எடுப்பது. நம் களிதான். முதல் நாள் அகோகோ வீட்டில் துடுப்பை என்னிடம் கொடுத்துப் பார்த்தார். கேழ்வரகுக் களி கிண்டிய கை எனக்கு. நான் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டியதைப் பார்த்து, "இவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார். கையால் பிட்டு உருட்டிச் சாப்பிட்டதைப் பார்த்து இன்னும் சந்தோஷம். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை மாவு போட்டு மசித்த பூசணிக் கீரை, அல்லது மலாவி ஏரியிலிருந்து காய்ந்து வருகிற உசிப்பா மீன். உசிப்பா நம் நெத்திலிக் கருவாட்டுக்குச் சின்ன அண்ணன். நான் அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள். புளி இங்கேயும் மரத்தில் காய்க்கிறது. ஆகையால் ஐயாமாரே, எங்கள் சாப்பாட்டுப் பாடுகளுக்காக உருகி ஜெபிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

உண்மையான பாடு காய்ச்சல்.

போன வருஷம் பிப்ரவரி. மழை உச்சத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் மலைக்கு அந்தப் பக்கம் மூப்பர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருந்தார். பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் அன்றைக்குத் திரும்ப முடியவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சின்னவனுக்கு உடம்பு கொதித்தது, அப்புறம் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம். கரண்ட் இல்லை. வீட்டில் எப்போதும் இரண்டு பரிசோதனைக் கிட் வைத்திருப்போம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கோடு வந்தது.

மலேரியாவுக்கு இங்கே எல்.ஏ. என்கிற மாத்திரை. மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அது விடியற்காலை நாலு நாலரைக்கு வரும், அலாரம் வைத்து எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள ஏதாவது கூடப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அவன் இருபது நிமிஷத்தில் வாந்தி எடுத்தான். என்னிடம் பால் இல்லை. மகள் மழையில் ஓடிப்போய் அகோகோவைக் கூட்டி வந்தாள். அவர் ஒரு கையில் தணல் போட்ட கரி அடுப்பையும் மறு கையில் வேர்க்கடலை மாவு கலந்த கஞ்சியையும் கொண்டு வந்தார். கஞ்சியில் எண்ணெய் மிதந்தது. அதை நாலு கரண்டி ஊட்டி, மாத்திரையைத் திரும்பக் கொடுத்தோம். நின்றது. அகோகோ விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் சுகாதார நிலையத்தில் நான் தமிழும் சிசேவாவும் கலந்து உளற, எத்தனை மணிக்கு என்ன கொடுத்தோம், எத்தனை தடவை வாந்தி எடுத்தான் என்பதையெல்லாம் மகள்தான் வரிசையாகச் சொன்னாள். அங்கிருந்தவர் அவனுடைய மருத்துவக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, "இவள் நர்ஸ் ஆகலாம்" என்றார்.

அந்தக் காலாண்டு அறிக்கையில் என் வீட்டுக்காரர் எழுதியதை நான் பார்த்தேன். "வீட்டில் அனைவரும் சுகம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். காய்ச்சல் என்று எழுதினால் ஒன்று, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பு என்பார்கள், அல்லது பத்திரிகையில் பெரிதாகப் போட்டுக் காணிக்கை எடுப்பார்கள், இரண்டும் வேண்டாம் என்றார்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறபோது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த நாட்டின் மிஷன் வரலாறே காய்ச்சலுக்குப் பயந்து வீடு மாறிய கதை. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1875-ல் ஏரிக்கரையில் கேப் மக்ளியர் என்ற இடத்தில் தொடங்கினார்கள். கல்லறைகள் பெருகியதும் 1881-ல் வடக்கே பண்டாவேக்குப் போனார்கள். அங்கும் கல்லறைகள். கடைசியில் 1894-ல் மலை மேல் ஏறினார்கள், அதுதான் இன்றைய லிவிங்ஸ்டோனியா. கொசுதான் காரணம் என்று நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். அதுவரைக்கும் சதுப்பு நிலத்துக் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி லிவிங்ஸ்டன் என்ற பெயரை நம் ஞாயிறு பள்ளியில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர் மனைவி மேரியைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. இங்கே வந்துதான் படித்தேன். அவர் மிஷனெரி ராபர்ட் மோஃபட்டின் மகள், 1821-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அந்த ஊர் மொழி தாய்மொழி மாதிரி. கொலோபெங் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். சோப்பு, மெழுகுவர்த்தி, ரொட்டி எல்லாம் வீட்டிலேயே செய்தார். 1850-ல் பாலைவனப் பயணம் முடிந்து வந்து பெற்ற பெண் குழந்தை ஆறு வாரத்தில் இறந்துபோனது. அடுத்த வருஷமே திரும்பவும் கர்ப்பமாக அதே பாலைவனத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு பையனைப் பெற்றார். 1852-ல் லிவிங்ஸ்டன் மனைவியையும் நாலு பிள்ளைகளையும் கேப் டவுனில் கப்பல் ஏற்றிப் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு உள்நாட்டுக்கு நடந்தார். உங்கள் கடிதத்தின் மொழியில் சொன்னால், தடை நீங்கியது.

மேரிக்குப் பிரிட்டன் அந்நிய தேசம். கையில் காசு இல்லாமல், இடம் மாறி மாறி, நாலு வருஷத்துக்கு மேல் இருந்தார். மூத்த பையன் ராபர்ட் எங்கும் ஒட்டவில்லை. கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், வேறு ஒரு பெயரில் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, பிடிபட்டு, 1864 டிசம்பரில் ஒரு கைதி முகாமில் இறந்தான். பதினெட்டு வயது. மேரி அதைப் பார்க்கவில்லை. 1862 ஜனவரி கடைசியில் கணவரிடம் திரும்பி வந்து, மூன்றே மாதத்தில், ஏப்ரல் 27 அன்று ஜாம்பேசி ஆற்றங்கரையில் ஷுபாங்கா என்ற இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் பக்கத்து ஷிரே ஆறு அந்த ஜாம்பேசியில்தான் கலக்கிறது.

நான் லிவிங்ஸ்டனை நியாயம் விசாரிக்கவில்லை. அடிமை வியாபாரத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். ஆனால் அவரை மட்டும் படமாக மாட்டிவிட்டு, அவர் வீட்டுக் கணக்கை நாம் பார்க்காமல் விட்டோம். நம் ஊரிலும் இதே கதைதான். கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. இடையன்குடியில் பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்த அவர் மனைவி எலிசா அம்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் நாகர்கோவிலில் வளர்ந்த மிஷனெரிப் பிள்ளை. கால்டுவெல்லைவிட அவருக்குத்தான் பேச்சுத் தமிழ் நன்றாக வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். என் மகளைப் பார்த்த பிறகு வந்த சந்தேகம்.

வெள்ளைக்கார மிஷன்கள் பிள்ளைகளைப் பிரிந்து பிரிந்து, அடிபட்டுத்தான் பாடம் கற்றன. இங்கிலாந்தில் மிஷனெரிகளின் பெண்பிள்ளைகளுக்கு என்றே 1838-லும், ஆண்பிள்ளைகளுக்கு 1842-லும் விடுதிப் பள்ளிகள் திறந்தார்கள். பிள்ளை அங்கே, பெற்றோர் கடலுக்கு இந்தப் பக்கம், வருஷக்கணக்கில். அப்புறம் அது சரிவராது என்று, பெற்றோர் இருக்கிற நாட்டிலேயே பள்ளி வைத்தார்கள். 1901-ல் நம் கொடைக்கானலில் வந்தது அப்படித்தான். 1906-ல் கென்யாவில் கிஜாபேயில் வந்ததும் அப்படித்தான். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கைவிட ஆரம்பித்த வழியை நாம் இப்போது விதியாக எழுதி வைத்திருக்கிறோம்.

விடுதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நானே விடுதியில் வளர்ந்தவள். எங்கள் வார்டன் அம்மா நல்லவர்கள். ஆனால் எனக்கு வீடு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முறுக்கோடு வருவார்கள். என் மகளுக்கு வீடு மூன்று விமானம். மேரிக்குப் பிரிட்டன் எப்படியோ, இவளுக்கு நம் ஊர் அப்படி. 2022 டிசம்பரில் இரண்டு மாதம் வந்திருந்தோமே, நினைவிருக்கும். ஒவ்வொரு சபையிலும் பிள்ளைகள் அவளிடம் "சிங்கம் பாத்தியா?" என்று கேட்டார்கள். முலாஞ்சேயில் சிங்கம் கிடையாது. தேயிலைத் தோட்டம் இருக்கிறது, அன்னாசிப்பழம் இருக்கிறது. வால்பாறை மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் பிடிக்கவில்லை. நாலாவது சபையில், "ஆமா, எங்க வீட்டு முற்றத்துக்கே வரும், எங்க அப்பா ஜெபம் பண்ணுனதும் போயிடும்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் காணிக்கை அதிகம். ராத்திரி என்னிடம் அழுதாள். பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. "நிஜத்தைச் சொன்னா யாருக்கும் பிடிக்கல்லம்மா" என்றாள்.

திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஃப்ரெடி புயல். 2023 மார்ச். ஆறு மாத மழை ஆறு நாளில் கொட்டியது என்றார்கள். மலை சரிந்து கல்லும் சேறும் கிராமங்கள் மேல் வந்தது. நாட்டில் 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இன்னும் 500-க்கு மேல் ஆட்களைக் காணவே இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் மூன்று வாரம் ஆட்கள் படுத்திருந்தார்கள். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. இதை அவள் இதுவரை யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. அந்தக் காலாண்டில் நீங்கள் கூடுதலாகப் படம் கேட்டு மூன்று முறை எழுதினீர்கள்.

ஆட்கள் செத்த வீட்டுக்கு இங்கே பெண்கள் மாவு எடுத்துக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து, ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். போதகர் பேசுவது பத்து நிமிஷம். உட்கார்வது இரண்டு நாள். அந்த உட்கார்தலைத்தான் இவர்கள் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நானும் மகளும் உட்கார்ந்தோம்.

இன்னொன்றும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். மலாவியில் நாலில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆலயத்தில் இடம் கிடைக்காது. பாட்டும் ஆட்டமுமாக மூன்று மணி நேரம் போகும். இவர்களுக்குப் போதகம் செய்ய நாம் ஆள் அனுப்புகிறோம் என்று நம் ஊரில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இந்த ஊர்ச் சபை கூப்பிட்டது மூப்பர்களுக்கு வேதபாடம் நடத்த ஒரு ஆசிரியர் வேண்டும் என்று. அவ்வளவுதான். அந்த வேலைக்கு எத்தனை புதுக் கிராமம் என்ற கட்டம் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, அதற்காக ராத்திரி தூக்கம் கெடுகிறார்.

ஜனவரி 15 இங்கே ஜான் சிலெம்ப்வே நாள், விடுமுறை. அவரும் ஒரு போதகர்தான். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் சிராட்சூலு. 1915-ல் தோட்ட முதலாளிகளுக்கும் ஆங்கில அரசுக்கும் எதிராக எழும்பிக் கொல்லப்பட்டவர். ரூபாய் நோட்டில் காந்தி மாதிரி க்வாச்சா நோட்டில் அவர் இருக்கிறார். கூலிகளைக் கொடுமைப்படுத்தி, அவர்கள் கட்டிய ஜெபவீடுகளையும் எரித்த ஒரு பெரிய தோட்டத்தில்தான் அந்த எழுச்சி வெடித்தது. அந்தத் தோட்டம் லிவிங்ஸ்டனின் பேரன்கள் கையில் இருந்தது. கப்பல் ஏற்றி அனுப்பப்பட்ட நாலு பிள்ளைகளில் ஒருத்தி ஆக்னஸ், அவள் பெற்ற பிள்ளைகள். அன்றைக்கு வந்தவர்கள் தோட்டத்து மேலாளரைக் கொன்றார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யவில்லை. இதைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து என் மகள் கேட்டாள்: "அம்மா, நாம எந்தப் பக்கம்?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தில் வளர்கிறாள் என்பதே எனக்குப் போதும்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இதுவரை அவள் ஊர்ப் பள்ளியில்தான் படித்தாள். 1994-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது ஒரே வருஷத்தில் பிள்ளைகள் சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆனார்கள். அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை. அவள் வகுப்பில் நூறு பேருக்கு மேல். மாமரத்தடியிலும் வகுப்பு நடக்கும், மாங்காய் காலத்தில் பாடம் கொஞ்சம் தடுமாறும். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் கணக்கில் பின்தங்குகிறாள், அதை மறைக்க மாட்டேன். டவுனில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. காலையில் அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்காத நாளாக இருந்தால்.

கட்டணம் என்ன என்று கேட்பீர்கள். ஊரில் விடுதிக்கும் பள்ளிக்குமாகக் குழு கொடுப்பதாகச் சொன்ன தொகையில் முக்கால் பங்கு. விமானச் செலவைச் சேர்க்காமலேயே. 2023 நவம்பரில் க்வாச்சாவின் மதிப்பைக் குறைத்து, ஒரு டாலருக்கு 44 சதவீதம் கூடுதல் க்வாச்சா என்று ஆக்கியபோது, ரூபாய்க்கு இனி நிறையக் கிடைக்கும் என்று நீங்கள் எங்கள் உதவித்தொகையைக் கூட்டாமல் விட்டீர்கள். எண்ணெயும் சீனியும் பெட்ரோலும் கூடவே ஏறியதை அப்போது எழுதினோம். அந்தக் கணக்கை இப்போது கிளறவில்லை. விடுதிக்கு என்று ஒதுக்கியதை இந்தப் பள்ளிக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். செப்டம்பரில் புது வகுப்பு தொடங்குகிறது, ஆகஸ்ட் நடுவில் பணம் கட்ட வேண்டும். விதி என்று எழுதியிருப்பதை, பெற்றோர் விரும்பினால் என்று மாற்றுங்கள். அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பட்டும், அப்படி அனுப்பி நன்றாக வளர்ந்த பிள்ளைகளை எனக்கும் தெரியும்.

அப்புறம், அடுத்த வருஷம் ஒரு இளம் தம்பதியை வடக்கே அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் நேர்காணல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முக்கால் மணி நேரம் என் வீட்டுக்காரரிடம் கேட்டீர்கள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயாவுக்கு ஒத்தாசையாக இருப்பீர்களா, அம்மா?" இருப்பேன் என்றேன். வேறு என்ன சொல்வது. அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அந்த இரண்டு அம்மாமாரும் கேளுங்கள். ஐயாமார் வெளியே இருந்து டீ குடிக்கட்டும். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், யாரைக் கூப்பிடுவாய், உனக்கு என்ன வேலை தெரியும், அங்கே போய் நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று கேளுங்கள். இந்த மடலையும் அவளுக்குக் காட்டுங்கள். பயந்து பின்வாங்குவாள் என்று நினைக்கவில்லை. வேர்க்கடலை மாவு வாங்கி வைத்துக்கொள்வாள்.

மிஷனெரி ஞாயிறுக்குக் குடும்பப் படம் கேட்டிருந்தீர்கள், ஆப்பிரிக்கப் பிள்ளைகள் சுற்றி நிற்கிற மாதிரி, முடிந்தால் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிகிற மாதிரி என்று. நேற்று சாரல் விட்ட பத்து நிமிஷத்தில் அகோகோவின் பேரன் எடுத்துக் கொடுத்தான். சுற்றி நிற்கிற பிள்ளைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள், படம் என்றால் இங்கே அப்படித்தான். ஏழ்மையாகத் தெரிவது நாங்கள் நாலு பேர்தான், எங்கள் துணி காயவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அகோகோ. வலது ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது சின்னவன். அந்தப் பக்கம் ஒரு கோழி போனது. வேறு படம் இல்லை, இதையே போடுங்கள்.

இப்படிக்கு,
முலாஞ்சேயிலிருந்து,
மாயி பூசா